அவன் கேட்டது முட்டிக்கு மாத்திரை இல்லை

கொஞ்சம் நீளமான த்ரெட். பிள்ளைகளை கிரவுண்டுக்கு, கோச்சிங்குக்கு, கேம்புக்கு அனுப்புற அம்மா அப்பாக்கள் பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க. பி.டி. வாத்தியார்களும் கோச்சுகளும் கூட.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். இதுல வர்ற பையனோட வயசு, ஊர், விளையாட்டு எல்லாத்தையும் மாத்தியிருக்கேன். பாதிக்கப்பட்ட குழந்தையை அடையாளம் காட்டுவது சட்டப்படி குற்றம். அதனால யாரு, எந்த ஊருன்னு கமெண்ட்ல துருவாதீங்க. இந்தப் பதிவு அவனைப் பத்தினது இல்லை. என்னைப் பத்தினது. நான் செஞ்ச ஒரு தப்பைப் பத்தினது.

சில வருஷம் முன்னாடி, தாலுகா அரசு மருத்துவமனையில வேலை பார்த்துட்டு இருந்தேன். ஒரு திங்கக்கிழமை ஓ.பி. கூட்டம் வாசல் வரைக்கும் நிக்குது. ஒரு அப்பத்தா தன் பேரனைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தாங்க. பையனுக்கு 13 வயசு. நல்ல உடம்பு, தலை மட்டும் நிமிரவே இல்லை.

"அய்யா, இவென் ராத்திரியில பாயில ஒண்ணுக்குப் போயிர்றான். சின்னப் புள்ளையில கூட இப்பிடிப் பண்ணதில்ல. கேம்புக்குப் போக ஆரம்பிச்சதுலருந்துதேன்."

அம்மா அப்பா ரெண்டு பேரும் திருப்பூர்ல பனியன் கம்பெனி வேலை. பையன் அப்பத்தா வளர்ப்பு. கபடி நல்லா ஆடுவான்னு பக்கத்து டவுன்ல ஒரு அகாடமியில சேர்த்திருக்காங்க. வெள்ளி சாயங்காலம் போனா ஞாயிறு வரைக்கும் அங்கேயேதான் தங்கல்.

யூரின் டெஸ்ட் எழுதினேன். சுகர் பார்த்தேன். ரெண்டும் நார்மல். "ராத்திரி ஏழு மணிக்கு மேல தண்ணி அதிகம் குடிக்காத, படுக்கப் போறப்ப பாத்ரூம் போயிட்டுப் படு"ன்னு சொல்லி அனுப்பிட்டேன். மூணு நிமிஷம் ஆகியிருக்கும்.

பல வருஷமா நனைக்காத பிள்ளை திடீர்னு படுக்கையை நனைச்சா, சிறுநீர்த் தொற்று, சர்க்கரை நோய், மலச்சிக்கல் எல்லாம் பார்க்கணும். அதோட "சமீபத்துல வாழ்க்கையில என்ன மாறிச்சு?"ன்னும் கேக்கணும். இது எம்.பி.பி.எஸ். பாடத்துலயே இருக்கு. நான் கேக்கல. இத்தனைக்கும் அந்தக் கேள்விக்கான பதிலை, கேக்காமலேயே அப்பத்தா சொல்லிட்டாங்க. "கேம்புக்குப் போக ஆரம்பிச்சதுலருந்துதேன்." காதுல விழுந்துச்சு. மண்டையில ஏறல.

ரெண்டாவது தடவை, ஒன்றரை மாசம் கழிச்சு. இந்த முறை கூட்டிட்டு வந்தது கோச். முட்டி வலி.

அந்தக் கோச்சைப் பத்தி சொல்லணும். ஊர்ல அவ்வளவு மரியாதை. அவர்கிட்ட ஆடின பசங்க சிலர் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல போலீஸ் வேலைக்குப் போயிருக்காங்க. கல்யாண வீட்டுல முன் வரிசை நாற்காலி போடுவாங்க. கிட்ட நின்னு பையன் தோள்ல கை போட்டுக்கிட்டு, "நம்ம பையன் சார், ஸ்டேட் லெவல் போவான், நல்லா பாருங்க"ன்னாரு. நான் பையன்கிட்ட கேட்ட கேள்விக்கெல்லாம் அவர்தான் பதில் சொன்னாரு. எப்போ இருந்து வலி? அவர் சொன்னாரு. எங்க வலி? அவர் தொட்டுக் காட்டினாரு. நான் மனசுக்குள்ள நெனச்சது என்ன தெரியுமா? 'பெத்த அப்பன் கூட இவ்வளவு அக்கறையா கூட்டிட்டு வர மாட்டான்.'

முட்டியைப் பரிசோதிச்சேன். வீக்கம் இல்லை, ஜவ்வு நல்லா இருக்கு. பையன் முதல் தடவையா வாயைத் திறந்தான்.

"சார், ஜவ்வு கிழிஞ்சிருக்கா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லடா. நாளைக்கே விளையாடலாம்."

நல்ல சேதி கேட்டா பிள்ளைங்க முகம் மலரும். இவன் முகம் அப்படியே விழுந்துச்சு. அதையும் பார்த்தேன். அடுத்த சீட்டைக் கூப்பிட்டுட்டேன்.

மூணாவது தடவை ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். நான் கேஷுவாலிட்டி டியூட்டி. அதே அப்பத்தா, அதே பையன். வலது முட்டி வீங்கி, தோல் கிழிஞ்சு ரத்தம். "மாடியிலருந்து எறங்கையில விழுந்துட்டேன்"னான். காயத்தைக் கழுவிக்கிட்டு இருந்த ஸ்டாஃப் நர்ஸ் என்னைத் தனியா கூப்பிட்டாங்க. இருபது வருஷத்துக்கு மேல சர்வீஸ். "சார், விழுந்தா கை ஊனுவான்ல? உள்ளங்கையில ஒரு கீறல் கூட இல்ல. முட்டியில மட்டும் ஒரே எடத்துல மூணு நாலு அடி. இது விழுந்த காயம் இல்ல."

அந்த அக்கா அவனுக்கு ஒரு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தாங்க. பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்தாங்க. எதையும் துருவிக் கேக்கல. "கேம்புக்குப் போறத நெனச்சா எப்பிடிப்பா இருக்கு?"ன்னு மட்டும் கேட்டாங்க.

ரொம்ப நேரம் கழிச்சு அவன் திருப்பிக் கேட்டான். "அக்கா, கால் ஒடஞ்சா எத்தனை நாள் கேம்புக்கு அனுப்ப மாட்டாங்க?"

செங்கல்லை எடுத்து அவனே அடிச்சிருக்கான்.

அப்புறம் அவன் சொன்னதை இங்கே எழுதப் போறதில்லை. அது எழுத வேண்டிய இடத்துல எழுதப்பட்டிருக்கு.

இதுக்கு அடுத்த அரை மணி நேரத்தைப் பத்திதான் இந்தப் பதிவையே எழுதுறேன்.

எனக்கு முதல்ல வந்த எண்ணம்: 'இவரா? இருக்காதே.' ரெண்டாவது: 'பையன் கேம்புக்குப் போகப் பிடிக்காம ஏதாவது சொல்றானோ?' ஒரு சீனியருக்கு போன் பண்ணேன். "அவசரப்படாத தம்பி. முதல்ல நல்லா விசாரி. பொய்யா இருந்தா ஊரே உன் மேல பாயும்"னாரு. அப்பத்தா என் காலைத் தொட வந்துட்டாங்க. "வேணாஞ் சாமி. பொட்டப் புள்ளைன்னாலும் பரவால்ல. ஆம்பளப் பயலுக்கு இப்பிடின்னு வெளிய தெரிஞ்சா ஊரு சிரிக்கும். கேம்ப விட்டு நிறுத்திப்புடுறோம், அம்புட்டுத்தேன்."

நான் கிட்டத்தட்ட சரின்னு சொல்லியிருப்பேன். 'கோச்சைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாமா'ன்னு கூட யோசிச்சேன். இப்போ நெனச்சா உடம்பு கூசுது.

அந்த நர்ஸ் அக்காதான் சொன்னாங்க. "சார், நாம விசாரிக்கிற ஆளு இல்ல. தெரியப்படுத்துற ஆளு."

ஏ.ஆர். புக்கை எடுத்தேன். எழுதினேன். போலீஸ் இன்டிமேஷன் போச்சு.

இந்த ஒரு வரியை மனசுல வெச்சுக்கிட்டு, உலகத்துக்கே தெரிஞ்ச ஒரு வழக்கைப் பார்ப்போம். அமெரிக்காவுல நடந்தது. அதுலயும் குற்றவாளி ஒரு மருத்துவர்தான். அதனாலதான் எனக்கு அது அடிக்கடி ஞாபகம் வரும்.

லாரி நாசர். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியோட டாக்டர், மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்துலயும் டாக்டர். இடுப்பு வலி, முதுகு வலின்னு வந்த சிறுமிகளை 'சிகிச்சை' என்ற பெயரில் பல வருஷம் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினவர். சில நேரம் பெற்றோர் அதே அறையில உக்காந்திருப்பாங்க. அவங்க கண்ணுக்குத் தெரியாதபடி குறுக்கே நின்னுக்குவார். 2018 ஜனவரியில் மிச்சிகன் நீதிமன்றம் அவருக்கு 40 முதல் 175 வருஷம் சிறைத் தண்டனை விதிச்சுது. அதுக்கு முன்னாடி 150-க்கும் மேற்பட்டவங்களோட வாக்குமூலத்தை நீதிபதி ஏழு நாள் கேட்டார்.

"இத்தனை பேரும் இத்தனை வருஷம் ஏன் சொல்லல?"ன்னு அப்போ நிறைய பேர் கேட்டாங்க. தப்பான கேள்வி. சொன்னாங்க.

1997-லேயே 16 வயசுப் பொண்ணு ஒருத்தி அந்தப் பல்கலைக்கழகத்தின் ஜிம்னாஸ்டிக்ஸ் கோச்சிடம் சொன்னதாகப் பின்னாளில் சாட்சி சொன்னார். 2004-ல் 17 வயசுப் பொண்ணு ஒருத்தி நேரா போலீசுக்கே போனார். போலீஸ் நாசரைக் கூப்பிட்டு விசாரிச்சுது. அவர் பவர்பாயின்ட் எல்லாம் கொடுத்து 'இது மருத்துவ முறை'ன்னு விளக்கினார். போலீஸ் நம்பி வழக்கை மூடிட்டாங்க. அந்த ஊர் நிர்வாகம் 2018-ல் அந்தப் பெண்ணிடம் பகிரங்கமா மன்னிப்புக் கேட்டுச்சு. 2014-ல் பல்கலைக்கழகத்துக்கே ஒரு புகார் போச்சு. அவங்களே விசாரிச்சாங்க. 'பாலியல் நோக்கம் இல்லை'ன்னு முடிச்சாங்க.

2015 ஜூன்ல ஜிம்னாஸ்டிக்ஸ் அமைப்புக்கே தகவல் போச்சு. அவங்க முதல்ல தாங்களா ஆள் வெச்சு விசாரிச்சாங்க. எஃப்.பி.ஐ.க்குச் சொல்ல அஞ்சு வாரம் எடுத்துக்கிட்டாங்க. எஃப்.பி.ஐ.யும் கிடப்புல போட்டுச்சு. 2016 செப்டம்பரில் இண்டியானாபொலிஸ் ஸ்டார் பத்திரிகை செய்தி வெளியிட்ட பிறகுதான் எல்லாம் வேகமாச்சு. அந்தப் பதினாலு மாச இடைவெளியில மட்டும் சுமார் 70 பேர் பாதிக்கப்பட்டதா, எஃப்.பி.ஐ. செஞ்ச தவறுகளைப் பத்தி 2021-ல் வந்த அரசு அறிக்கை நீதிமன்ற ஆவணங்களை வெச்சுச் சொல்லுது. அதே வருஷம் சிமோன் பைல்ஸ் அமெரிக்க செனட் முன்னாடி உக்காந்து அழுதுகிட்டே சாட்சி சொன்னதைப் பார்த்திருப்பீங்க.

கவனிச்சீங்களா? அந்தக் கோச், அந்தப் போலீஸ், அந்தப் பல்கலைக்கழகம், அந்த அமைப்பு. இவங்க எல்லாருமே நாசருக்குக் கூட்டாளிங்க இல்லை. தகவல் கைக்கு வந்ததும் சிலர் 'இவரா? இருக்காதே'ன்னு தாங்களே தீர்ப்பு எழுதிட்டாங்க. சிலர் சம்பந்தப்பட்ட ஆள்கிட்டயே விளக்கம் கேட்டு திருப்தி ஆயிட்டாங்க. சிலர் 'முதல்ல நாமளே விசாரிப்போம்'னு நாளைக் கடத்தினாங்க.

நான் அந்த அரை மணி நேரத்துல யோசிச்சதும் இதே மூணுதான். அவங்க அமெரிக்காவுல, நான் தாலுகா ஆஸ்பத்திரியில. அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த அனுபவத்துல அமெரிக்கா ஒரு சட்டம் கொண்டுவந்துச்சு. விளையாட்டு அமைப்புல இருக்கிற பெரியவங்களுக்குக் குழந்தை மேல வன்முறைன்னு சந்தேகம் வந்தா 24 மணி நேரத்துக்குள்ள புகார் செய்யணும். 2018-ல் வந்த சட்டம்.

நம்ம நாட்டுல? அதுக்கு ஆறு வருஷம் முன்னாடியே இருக்கு. போக்சோ சட்டம், 2012. அதைப் பத்தி நம்ம மக்களுக்குத் தெரியாத சில விஷயங்கள்:

18 வயசுக்குக் கீழ உள்ள எல்லாரும் குழந்தைதான். ஆணும் சரி, பெண்ணும் சரி. 'ஆம்பளப் பயலுக்கு என்ன ஆகப் போகுது' என்ற பேச்சுக்கே இடமில்லை. மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் நலத்துறை 2007-ல் வெளியிட்ட ஆய்வில் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசினாங்க. பாதிக்கும் மேல ஏதோ ஒரு வகை பாலியல் தொல்லையைச் சந்திச்சதா சொன்னாங்க. அப்படிச் சொன்னவங்கள்ல ஏறக்குறைய 53 சதவீதம் ஆண் பிள்ளைகள்.

பிரிவு 19: குற்றம் நடந்திருக்குன்னு தெரிஞ்சாலோ, நடக்கக்கூடும்னு அச்சம் இருந்தாலோ, யாரா இருந்தாலும் போலீசுக்குத் தெரியப்படுத்தணும். 'நிரூபிக்கணும்'னு சட்டம் கேக்கல.

பிரிவு 21: தெரிஞ்சும் சொல்லாம விட்டா ஆறு மாசம் வரை சிறை அல்லது அபராதம், அல்லது ரெண்டும். நிறுவனத்தின் பொறுப்பாளர் தனக்குக் கீழ வேலை செய்யறவர் செஞ்சதை மறைச்சா ஒரு வருஷம் வரை. பள்ளித் தாளாளர், தலைமை ஆசிரியர், அகாடமி நடத்துறவர் எல்லாரும் இதுல வருவாங்க. குழந்தை சொல்லாம விட்டதுக்குத் தண்டனை கிடையாது.

நல்லெண்ணத்தோட தகவல் சொன்னவர் மேல வழக்குப் போட முடியாது. நாளைக்கு வழக்கு நிக்காமப் போனாலும் சரி.

குழந்தையோட வாக்குமூலத்தை வீட்டுலயோ அது விரும்புற இடத்துலயோ எடுக்கணும். முடிஞ்ச வரைக்கும் பெண் சப்-இன்ஸ்பெக்டர் எடுக்கணும். சீருடையில வரக்கூடாது. ராத்திரி ஸ்டேஷன்ல வெச்சிருக்கக் கூடாது.

மருத்துவப் பரிசோதனைக்கு எஃப்.ஐ.ஆர். தேவையில்லை. அவசர சிகிச்சைக்கு எந்தக் கடிதமும் கேக்கக் கூடாது. 'போலீஸ்ல எழுதி வாங்கிட்டு வாங்க'ன்னு எந்த ஆஸ்பத்திரியிலயாவது சொன்னா, அது தப்பு.

எங்க ஆளுங்களுக்கும் ஒண்ணு. மகாராஷ்டிராவின் சந்திரபூர் மாவட்டத்துல ஒரு பள்ளி விடுதிச் சிறுமிகள் வழக்கு. அவங்களுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் தெரிஞ்சும் சொல்லலைன்னு வழக்கு. உயர் நீதிமன்றம் அவர் மேல இருந்த வழக்கை ரத்து செஞ்சுது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்து உத்தரவையே ரத்து செஞ்சுது. தெரிஞ்சும் சொல்லாம இருக்கிறது கடுமையான குற்றம்னு சொல்லுச்சு. 'சிகிச்சை மட்டும்தான் என் வேலை'ன்னு டாக்டர் ஒதுங்க முடியாது.

சரி, எப்படிக் கண்டுபிடிக்கிறது? பிள்ளைங்க நேரா வந்து சொல்றது அபூர்வம். உடம்பாலயும் பழக்கத்தாலயும்தான் சொல்லுவாங்க.

உயிரா ஆடின விளையாட்டு திடீர்னு வேண்டாம்னு சொல்றது. கேம்ப் நாள் வந்தா மட்டும் வயித்து வலி, தலைவலி, வாந்தி. புதுசா படுக்கையை நனைக்கிறது. தூக்கத்துல கத்துறது. அடிக்கடி அடிபடுறது, இல்ல அடிபடணும்னு ஆசைப்படுறது. 'விளையாடக் கூடாதுன்னு சர்டிபிகேட் தாங்க'ன்னு கேக்கறது. உக்காரும்போது, மலம் கழிக்கும்போது வலி. ஒரு குறிப்பிட்ட ஆள் பேரு வந்தாலே அமைதியாகிடுறது. வீட்டுல வாங்கித் தராத போன், ஷூ, காசு கையில இருக்கிறது.

இதுல ஒண்ணு இருந்தா உடனே அதுதான்னு அர்த்தம் இல்லை. பரீட்சை பயமா இருக்கலாம், கூடப் படிக்கிற பசங்க கேலி பண்றதா இருக்கலாம். ஆனா உக்காந்து கேக்கறதுக்கு இது போதும். இன்னொண்ணு: டாக்டர் பரிசோதனையில 'எல்லாம் நார்மல்'னு வந்தா ஒண்ணும் நடக்கலைன்னு அர்த்தம் கிடையாது. பெரும்பாலான குழந்தைகளுக்கு உடம்புல எந்த அடையாளமும் இருக்காது.

பிள்ளையை மட்டும் இல்ல, பெரியவங்களையும் கவனிங்க. தனியா ஒரு பிள்ளைக்கு மட்டும் 'ஸ்பெஷல் கோச்சிங்'. ராத்திரி பத்து மணிக்கு பிள்ளையோட போனுக்கு மெசேஜ். 'வீட்டுல சொல்லாத, நமக்குள்ள இருக்கட்டும்.' பெற்றோர் பயிற்சியைப் பார்க்க வரக் கூடாதுன்னு கட்டுப்பாடு. கதவை மூடிக்கிட்டு மசாஜ், பிசியோதெரபி. வெளியூர்ப் போட்டிக்குப் போனா ஒரே ரூம். 'என்னை விட்டா உன்னை யாரும் மேல கொண்டுவர முடியாது' என்ற பேச்சு.

2021 மே மாசம் சென்னையில ஒரு தடகளப் பயிற்சியாளர் போக்சோவில் கைதானது ஞாபகம் இருக்கும். பிசியோதெரபி என்ற பெயரில் தொட்டார் என்பதுதான் அங்கேயும் புகார். ஒருத்தர் பேசினதும் வேறு சில பழைய மாணவிகளும் பேச வந்தாங்க. முதல் ஆள் பேசறதுதான் கஷ்டம்.

பாலியல் தொல்லை மட்டும்தான் கொடுமைன்னும் இல்லை. 'அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்'னு சொல்லிச் சொல்லியே நாம கோச் கையில குச்சியைக் கொடுத்துட்டோம். எடைப் பிரிவுக்காகத் தண்ணி கொடுக்காம வெயில்ல ஓட விடுறது, காயத்தோட ஆட வைக்கிறது, எல்லார் முன்னாடியும் உடம்பைக் கேலி பண்றது எல்லாமே கொடுமைதான். பொறுப்புல இருக்கிறவர் குழந்தையைக் கொடுமைப்படுத்தினா சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 75-ன் கீழ் மூணு வருஷம் வரை சிறை உண்டு.

பிள்ளை சொல்ல ஆரம்பிச்சா என்ன செய்யணும்?

பதறாதீங்க, கத்தாதீங்க. "சொன்னது நல்லதுப்பா. உன் மேல தப்பு இல்ல." இது போதும். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு சத்தியம் பண்ணாதீங்க. காப்பாத்த முடியாத சத்தியம் அது. "பாதுகாப்பா வெச்சுக்கத் தேவையான ஆளுங்ககிட்ட மட்டும் சொல்லுவேன்"னு சொல்லுங்க.

'அவர் இங்க தொட்டாரா, அங்க தொட்டாரா'ன்னு நீங்களா எடுத்துக் கொடுக்காதீங்க. மாமா, சித்தி, பக்கத்து வீட்டுக்காரர்னு ஒவ்வொருத்தர் முன்னாடியும் திரும்பச் சொல்ல வைக்காதீங்க. அது சொன்ன வார்த்தையை அப்படியே, தேதி நேரத்தோட ஒரு பேப்பர்ல எழுதி வையுங்க.

கோச்சிடம் போய்ச் சண்டை போடாதீங்க, விளக்கமும் கேக்காதீங்க. நாசர் கதையில பார்த்தீங்கள்ல, விளக்கம் ரெடியா இருக்கும். அதோட போன்ல இருக்கிற ஆதாரமும் அழிஞ்சு போகும். மெசேஜ், போட்டோ எதையும் நீங்களும் அழிக்காதீங்க.

சமீபத்துல நடந்திருந்தா குளிக்க வைக்கிறதுக்கும் துணி துவைக்கிறதுக்கும் முன்னாடி அரசு மருத்துவமனைக்கு வாங்க. துணியை பிளாஸ்டிக் கவர்ல போடாம பேப்பர்ல சுத்தி எடுத்துட்டு வாங்க. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பெண் பிள்ளைகளுக்குக் கர்ப்பத் தடுப்பு மாத்திரையும் அப்படித்தான். சிகிச்சை இலவசம். நாள் கடந்துட்டா? அப்பவும் வாங்க. அப்பவும் சிகிச்சை இருக்கு, வழக்கும் இருக்கு.

எங்கே சொல்றது? 1098, குழந்தைகள் உதவி எண். 24 மணி நேரமும், இலவசம். பள்ளி சம்பந்தப்பட்டதுன்னா பள்ளிக்கல்வித் துறையோட 14417. பக்கத்துல இருக்கிற அனைத்து மகளிர் காவல் நிலையம், ஆண் பிள்ளைக்கும் அங்கே போகலாம். மாவட்டத்துல குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கு. எதுவுமே தெரியலைன்னா அரசு ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டிக்கு வாங்க. நாங்க சொல்லுவோம். அது எங்க வேலை.

அகாடமியில சேர்க்கும்போது ஃபீஸ் எவ்வளவுன்னு கேக்கிற மாதிரியே இதையும் கேளுங்க. பிள்ளையோட எந்தப் பெரியவரும் தனியா இருக்காத மாதிரி ஏற்பாடு இருக்கா? மெசேஜ் எல்லாம் பெற்றோர் இருக்கிற குரூப்ல வருமா? வெளியூர் போனா யாரு எந்த ரூம்? நான் சொல்லாம வந்து பயிற்சியைப் பார்க்கலாமா? நல்ல கோச் இதைக் கேட்டா கோவிச்சுக்க மாட்டார். நல்ல கோச்சுகள்தான் அதிகம், அவங்களால படிச்சு வேலைக்குப் போன பிள்ளைங்களை நானே பார்க்கிறேன். இந்தக் கட்டுப்பாடு அவங்களுக்கும் பாதுகாப்பு.

அந்தப் பையன் கதைக்கு வர்றேன். அன்னைக்கு ராத்திரி மகளிர் ஸ்டேஷன் எஸ்.ஐ. மேடம் சுடிதார்ல வந்தாங்க. டியூட்டி ரூம்ல உக்காந்து அவன்கிட்ட பேசினாங்க. அந்த கேம்ப்ல அவன் ஒருத்தன் மட்டும் இல்லைன்னு அப்புறம் தெரிஞ்சுது. அதுக்கு மேல எழுத மாட்டேன். ஊர்ல சிலர் என்கிட்ட பேசறதை நிறுத்தினாங்க. "ஒரு நல்ல கோச்சைக் கெடுத்துட்டீங்களே டாக்டர்"னு டீக்கடையில ஒருத்தர் முகத்துக்கு நேரா கேட்டார். அவன் அப்பா திருப்பூர்ல இருந்து வந்து, ஒண்ணுமே பேசாம என் கையைப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னார்.

பையனுக்கு மாவட்டத் தலைமை மருத்துவமனையில கவுன்சலிங் நடந்துச்சு. படுக்கை நனைக்கிறது நிக்க மாசக்கணக்காச்சு. கபடி திரும்ப ஆடினானான்னு கேப்பீங்க. இல்லை. 'ஆடணும்'னு யாரும் அவனை வற்புறுத்தவும் இல்லை. ஒரு தடவை காய்ச்சலுக்கு ஓ.பி.க்கு வந்தான். ஊசி வேண்டாம்னு அழிச்சாட்டியம் பண்ணான். மத்த பிள்ளைங்க மாதிரியே. எனக்கு அது போதும்னு இருந்துச்சு.

முதல் தடவை வந்ததுக்கும் மூணாவது தடவை வந்ததுக்கும் நடுவுல மூணு மாசம். பன்னெண்டு வெள்ளிக்கிழமை. அந்த மூணு மாசமும் அவன் கேம்புக்குப் போயிட்டுத்தான் இருந்தான். ரெண்டு தடவை என் மேஜைக்கு முன்னாடி உக்காந்துட்டுப் போயிட்டுத்தான் இருந்தான். அந்தக் கணக்கை யாரும் என்கிட்ட கேக்கல. அப்பத்தா இன்னைக்கும் பார்த்தா கும்பிடுறாங்க. எனக்கு அவங்க முகத்தைப் பார்க்க கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கு.

இப்போ என் ஓ.பி.யில ஒரு பழக்கம் வெச்சிருக்கேன். விளையாடுற பிள்ளை யாரு வந்தாலும், கூட வந்தவரை சீட்டுல சீல் வாங்கிட்டு வரச் சொல்லி வெளிய அனுப்பிடுவேன். நர்ஸ் பக்கத்துல இருப்பாங்க. பிள்ளைகிட்ட ஒரே ஒரு கேள்வி. "கிரவுண்டுக்குப் போறது பிடிச்சிருக்கா?" முக்கால்வாசி பேர் "ஓ"ன்னு கத்துவாங்க. ஒரு சிலர் பதில் சொல்ல யோசிப்பாங்க. அவங்களுக்கு மூணு நிமிஷம் பத்தாது.

இன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது உங்க வீட்டுலயும் கேட்டுப் பாருங்க. ஜெயிச்சியா, எத்தனை பாயின்ட்னு இல்ல. பிடிச்சிருக்கான்னு. கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் போனைக் கீழ வெச்சுட்டு உக்காந்திருங்க.

பிள்ளையை விளையாட அனுப்புற வீடு உங்களுக்குத் தெரிஞ்சு இருந்தா இதைப் பகிருங்க. 1098-ஐ போன்ல சேவ் பண்ணி வையுங்க.